பெயரிழந்த கலாசாலை

ஏழைகளின் காசினால் எழுந்த கலாசாலையும் மறையுமோ? மறைந்தது, தோழர்களே! 1953-ல் டான் லார்க் சை என்னும் தனவந்தர் சிங்கப்பூரில் சீனமொழிச் சர்வகலாசாலை வேண்டுமென்று கூறி, 50 இலட்சம் வெள்ளி அளிக்க முன்வந்தார். திரிஷா ஓட்டிகளும் ஒருநாள் ஊதியத்தை ஈந்தனர். 1956-ல் நன்யாங் சர்வகலாசாலையில் வகுப்புகள் தொடங்கின.

காரணங்கள் பலவாயினும் ஒன்று தெளிவு: பெற்றோர் பிள்ளைகளை ஆங்கிலப் பள்ளிகளுக்கே அனுப்பலாயினர், சீனப் பள்ளிகள் மெலிந்தன. 1975-ல் போதனாமொழி ஆங்கிலமாயிற்று. 1980-ல் அது சிங்கப்பூர்ச் சர்வகலாசாலையுடன் இணைக்கப்பட்டுத் தன் பெயரை இழந்தது.

நமக்கும் இக்கதை புதிதன்று. சிங்கப்பூரின் கடைசித் தமிழ்ப்பள்ளியாகிய உமறுப்புலவர் தமிழ் உயர்நிலைப்பள்ளியும் 1982-ல் மூடப்பட்டது. பொருள் கட்டடத்தை எழுப்பும். பிள்ளைகளே பள்ளியை வாழ்விப்பர். மலேசியாவில் தமிழ்ப்பள்ளிகள் இன்றும் உள. அவற்றில் நம் பிள்ளைகள் உளரா?