மலையூர் வீட்டில் பிரெட் மெஷின்: வாங்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

ஏற்காட்டில் வசிக்கும் குடும்பங்களுக்கு நல்ல ரொட்டி வேண்டுமென்றால் சில நேரம் 20 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கி சேலம் வரை போக வேண்டியிருக்கிறது. வளைகுடாவிலிருந்து விடுமுறைக்கு வரும் உறவினர்கள் சிறிய பிரெட் மெஷினைக் கொண்டுவந்து கொடுப்பதும் இப்போது நடக்கிறது. ஆசையோடு வாங்கிய மெஷின் இரண்டு முறை ஓடிவிட்டு, பிரெட் அமுங்கிப்போன கோபத்தில் பரணுக்குப் போய்விடுகிறது. பெரும்பாலும் மெஷினில் கோளாறு இருப்பதில்லை. மலையின் உயரத்துக்கு ஏற்ப அளவை மாற்றாததுதான் காரணம். இதைப் பற்றி நம் குடும்பங்களுக்குப் பயன்படும் தகவல்களை இங்கே தொகுத்துத் தருகிறோம்.

மெஷின் என்ன செய்கிறது?

மாவு பிசைவது, புளிக்க வைப்பது, சுடுவது ஆகிய மூன்றையும் ஒரே பாத்திரத்தில் செய்யும் சிறு அடுப்புதான் இது. அடியில் ஒரு துடுப்பு சுழன்று மாவைப் பிசையும். சுற்றியுள்ள கம்பிச்சுருள் முதலில் இளஞ்சூட்டையும் கடைசியில் பெருஞ்சூட்டையும் கொடுக்கும். சாதாரண பிரெட்டுக்கு 3 முதல் 4 மணி நேரம் ஆகும்.

ஜப்பானின் மட்சுஷிட்டா நிறுவனம் (இன்றைய பானாசோனிக்) 1987-ல் இதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. முதலில் செய்து பார்த்தபோது வெளியே கருகி உள்ளே வேகாமல் இருந்ததாம். அந்நிறுவனத்தின் இக்குகோ தனாகா என்ற பெண் பொறியாளர் ஒசாகாவில் ஒரு ஹோட்டலின் தலைமை ரொட்டிக்காரரிடம் நேரில் பயின்று, அவர் மாவை முறுக்கி இழுத்துப் பிசைவதைக் கவனித்தார். அந்த இழுவை கிடைக்கும்படி பாத்திரத்தின் உட்புறம் வரம்புகள் வைத்த பிறகே பிரெட் சரியாக வந்தது.

வீட்டில் ஏன் செய்ய வேண்டும்?

2016-ல் டெல்லியில் உள்ள அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 38 பிரெட், பன் வகை மாதிரிகளைச் சோதித்தது. அவற்றில் 84 சதவீதத்தில் பொட்டாசியம் புரோமேட் அல்லது அயோடேட் இருந்ததாக அறிவித்தது. புரோமேட் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக் கூடியதாக இருக்கலாம் என்று உலக அளவில் வகைப்படுத்தப்பட்ட பொருள். அதே ஆண்டிலேயே இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் அதைத் தடை செய்தது.

ஹலால் பார்வையில் கவனிக்க வேண்டியவை இரண்டு எண்கள். 920 என்பது எல்-சிஸ்டீன். மாவை இளக்கப் பயன்படும் இது பறவை இறகு, முடி ஆகியவற்றிலிருந்தும் எடுக்கப்படுகிறது. நொதிக்க வைத்தும் தயாரிக்கப்படுகிறது. 471 என்பது பிரெட்டை மென்மையாக வைக்கும் கொழுப்புப் பொருள். தாவர எண்ணெயிலிருந்தும் வரலாம், விலங்குக் கொழுப்பிலிருந்தும் வரலாம். இந்தியாவில் பாக்கெட்டில் பச்சைப் புள்ளி இருந்தால் அது சைவம் என்று பொருள். வெளிநாட்டுப் பாக்கெட்டில் இந்தப் புள்ளி இருக்காது, கடையில் திறந்து விற்கும் பன்னில் எந்தக் குறிப்புமே இருக்காது. வீட்டில் செய்தால் மாவு, தண்ணீர், உப்பு, சர்க்கரை, எண்ணெய், ஈஸ்ட் இவ்வளவுதான்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

முதலில் மெஷினின் அடியில் ஒட்டியிருக்கும் சீட்டைப் பாருங்கள். 220-240 வோல்ட் என்று இருக்க வேண்டும். அமெரிக்காவிலிருந்து வரும் 120 வோல்ட், ஜப்பானின் 100 வோல்ட் மெஷின்களை நேரடியாகச் செருகினால் எரிந்துவிடும். துபாய், கத்தார், குவைத் மெஷின்கள் இங்கே ஓடும்; ஆனால் தட்டையான மூன்று கால் பிளக்குக்கு அடாப்டர் வேண்டும். சவூதி மின்சாரம் 60 ஹெர்ட்ஸ் என்பதால், அங்கிருந்து வருவதில் 50/60 என்று இருக்கிறதா என்றும் பாருங்கள்.

நான்கு பேர் உள்ள வீட்டுக்கு 500 முதல் 700 கிராம் வரை சுடும் சிறிய மெஷின் போதும். சுமார் 600 வாட் என்றால் சாதாரண 6 ஆம்பியர் பிளக்கே தாங்கும். ஒரு முறை சுட ஏறத்தாழ அரை யூனிட்டுக்குள்தான் செலவாகும். மாவு பிசைவதற்கு மட்டும் தனி பட்டன் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். நான், குப்பூஸ், பன், பரோட்டா மாவு எல்லாம் அதில் பிசையலாம். நோன்பு காலத்தில் சமோசா மாவுக்கும் உதவும். பல வீடுகளில் பிரெட்டை விட இதற்குத்தான் மெஷின் அதிகம் ஓடும்.

உயரம் செய்யும் வேலை

ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே காற்றழுத்தம் கடற்கரை ஊர்களைவிட ஏறத்தாழ 15 சதவீதம் குறைவு. ஈஸ்ட் வெளியிடும் வாயுவை அமுக்கிப் பிடிக்கும் காற்று குறைவதால் மாவு வேகமாக, அளவுக்கு மீறி உப்புகிறது. உள்ளே இருக்கும் மாவுச் சுவர்கள் மெலிந்து, சுடத் தொடங்கியதும் நடுவில் குழி விழுந்து அமுங்கிவிடும். கையேட்டில் உள்ள ஈஸ்ட்டில் கால் பங்கைக் குறைத்தாலே பாதிப் பிரச்சினை தீரும். உப்பைக் குறைக்காதீர்கள், ஈஸ்ட்டை அடக்கி வைப்பதில் அதற்குப் பங்கு உண்டு.

இன்னொன்று, இங்கே தண்ணீர் சுமார் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஈரம் இருக்கும் வரை பிரெட்டின் உட்புறம் அதற்கு மேல் சூடாகாது. எனவே மேல்தோல் நிறத்துக்கான பட்டனை நடுத்தரத்திலோ கருமையிலோ வையுங்கள். இளநிறத்தில் வைத்தால் நடுவில் பிசுபிசுப்பு நிற்கும்.

மலைப்பகுதியில் தண்ணீரைக் கூட்டச் சொல்லும் வெளிநாட்டுக் குறிப்புகள் வறண்ட மலைகளுக்கானவை. சேர்வராயன் மலையில் மழைக்காலப் பனிமூட்டத்தில் மாவே ஈரம் இழுத்திருக்கும். அதனால் கண்ணால் பார்த்து முடிவு செய்வதே சரி.

500 கிராம் பிரெட்டுக்கான அளவு

தண்ணீர் 190 மில்லி, எண்ணெய் 1 மேசைக்கரண்டி, சர்க்கரை 1 மேசைக்கரண்டி, உப்பு 1 தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைவாக, மைதா 300 கிராம், இன்ஸ்டன்ட் ஈஸ்ட் முக்கால் தேக்கரண்டி. கீழே சேலத்தில் என்றால் ஈஸ்ட் முழு ஒரு தேக்கரண்டி.

கோதுமை மாவு சேர்க்க விரும்பினால் பாதிக்குப் பாதி போட்டு, தண்ணீரை 210 மில்லியாக்குங்கள். நம் ஊர் ஆட்டா அதிகத் தண்ணீர் குடிக்கும். முழுக்க ஆட்டாவில் செய்தால், அதிலுள்ள தவிடு மாவின் இழுவையை அறுப்பதால் கடை பிரெட் போல எழும்பாது. அதைக் குறையாக எண்ண வேண்டாம்.

பெரும்பாலான மெஷின்களில் முதலில் தண்ணீர், பிறகு மாவு, கடைசியில் மாவின் மேல் குழி செய்து ஈஸ்ட். சிலவற்றில் வரிசை மாறும், கையேட்டைப் பாருங்கள். பிசையத் தொடங்கிப் பத்து நிமிடம் கழித்து மூடியைத் திறந்து தொட்டுப் பாருங்கள். லேசாக விரலில் ஒட்டும் வழவழப்பான உருண்டையாக இருக்க வேண்டும். வெடிப்பு இருந்தால் ஒரு தேக்கரண்டி தண்ணீர், சுவரில் ஒட்டினால் ஒரு மேசைக்கரண்டி மாவு. அதன் பிறகு முடியும் வரை திறக்க வேண்டாம்.

சஹருக்கு டைமர் வைக்கலாமா?

வைக்கலாம். ஆனால் இரவு முழுக்கப் பாத்திரத்தில் இருக்கப்போகும் கலவையில் பாலோ முட்டையோ சேர்க்காதீர்கள். பால் வேண்டுமென்றால் பால் பவுடர் போடுங்கள். ஈஸ்ட் தண்ணீரில் படாமல் மாவின் மேலேயே இருக்க வேண்டும். சஹருக்கு முக்கால் மணி நேரம் முன்பு முடியும்படி வைத்து, உடனே வெளியே எடுத்து ஆற விடுங்கள். உள்ளேயே விட்டால் ஆவியில் நனைந்து ஓரம் சவசவக்கும். சூட்டோடு வெட்டினால் நசுங்கும்.

மின்தடை வந்தால்

காற்றும் மழையுமான நாட்களில் மலையில் மின்சாரம் போவது புதிதல்ல. பல மெஷின்கள் சில நிமிடத் தடையை நினைவில் வைத்துத் தொடரும்; உங்களுடையது எத்தனை நிமிடம் தாங்கும் என்பதைக் கையேட்டில் பாருங்கள். பிசையும்போது நின்றுவிட்டால் மறுபடி தொடங்கலாம். புளிக்கும்போது நின்றால் மாவை எடுத்து எண்ணெய் தடவிய பாத்திரத்தில் மூடி வைத்து, எழும்பியதும் கேஸ்கட்டும் வெயிட்டும் இல்லாத குக்கரில் ஸ்டாண்டு வைத்து, தண்ணீர் ஊற்றாமல் சிறு தீயில் சுடலாம். தவாவில் போட்டு குப்பூஸாகவும் எடுக்கலாம். மாவை வீணாக்கத் தேவையில்லை.

பாதுகாப்பும் மிச்சமும்

வீட்டு பிரெட்டில் கெடாமல் வைக்கும் மருந்து இல்லை. வெளியே இரண்டு நாள்தான், ஈரக் காற்றில் அதற்கு முன்பே பூஞ்சை பிடிக்கலாம். ஃபிரிட்ஜில் வைத்தால் சீக்கிரம் வறண்டு விறைத்துவிடும். துண்டுபோட்டு ஃப்ரீசரில் வைத்து, வேண்டியதை மட்டும் எடுத்துத் தவாவில் சூடாக்குவது நல்லது. காய்ந்துபோனதைக் கட்லெட்டுக்குத் தூளாக்கலாம். பிரியாணிக்குப் பிறகு வரும் பிரெட் அல்வாவுக்கும் ஒரு நாள் பழையதுதான் பொருத்தம். ஆனால் பூஞ்சை பிடித்த பிரெட்டை அந்தப் பகுதியை மட்டும் கிள்ளிவிட்டுச் சாப்பிடக் கூடாது.

பாத்திரத்தில் இரும்புக் கரண்டி படக் கூடாது. துடுப்பு சிக்கிக்கொண்டால் வெந்நீர் ஊற்றி அரை மணி நேரம் விடுங்கள். மெஷினின் உடலைத் தண்ணீரில் நனைக்காமல் ஈரத்துணியால் துடைத்தால் போதும்.

நமக்கு இது தேவையா?

உங்கள் வீட்டில் வாரம் எத்தனை பிரெட் ஆகிறது என்று ஒரு மாதம் குறித்து வையுங்கள். வாரம் ஒன்றுதான் என்றால் மெஷின் விலையை மீட்கப் பல ஆண்டுகள் ஆகும். குக்கரோ சிறு ஓவனோ போதும். வாரம் மூன்று நான்கு ஆகிறது, நான், குப்பூஸ் மாவும் அடிக்கடி பிசைகிறீர்கள், கை வலியால் சிரமப்படும் உம்மாவோ பாட்டியோ வீட்டில் இருக்கிறார் என்றால் வாங்குவதில் நியாயம் உண்டு. பக்கத்து வீட்டில் ஏற்கெனவே ஒன்று பரணில் கிடந்தால் கேட்டு வாங்கி, ஈஸ்ட்டைக் கால் பங்கு குறைத்து இரண்டு மூன்று முறை சுட்டுப் பாருங்கள். வாங்கலாமா வேண்டாமா என்பது அதிலேயே தெரிந்துவிடும்.