தோற்றவருக்கும் ஓர் இடம்: மொசாம்பிக், அங்கோலா – இரண்டு அமைதிகள்

போர்ச்சுக்கலின் பிடியிலிருந்து 1975 ஜூனில் மொசாம்பிக்கும் நவம்பரில் அங்கோலாவும் விடுதலை பெற்றன. இரண்டிலும் மார்க்சியம் பேசிய இயக்கமே ஆட்சியில் அமர்ந்தது: மொசாம்பிக்கில் ஃப்ரெலிமோ, அங்கோலாவில் எம்.பி.எல்.ஏ. அவற்றை முறையே எதிர்த்து ஆயுதம் ஏந்திய ரெனாமோவுக்கும் யுனிடாவுக்கும் தென்னாப்பிரிக்காவின் நிறவெறி அரசு துணைநின்றது. பனிப்போர் தணிந்ததும் இரு நாடுகளிலும் உடன்படிக்கை கையெழுத்தாகி, ஐ.நா.வின் கண்காணிப்பில் தேர்தல் நடந்தது. மொசாம்பிக்கில் போர் ஓய்ந்தது. அங்கோலாவிலோ தேர்தல் முடிந்த சில வாரங்களில் போர் முன்னைவிட மூர்க்கமாக மூண்டு, விட்டுவிட்டு 2002 வரை எரிந்தது. இவ்வளவு ஒற்றுமை இருந்தும் முடிவு ஏன் இப்படி வேறுபட்டது?

முதற்காரணம், ஆயுதக் களைவுக்கும் வாக்குப்பதிவுக்கும் இடையிலான முன்பின் வரிசை. 1991 மே மாதம் போர்ச்சுக்கலின் பிசெஸ்ஸியில் ஒப்பமிட்ட அங்கோலாத் தரப்புகள், தேர்தலுக்குள் இரு படைகளையும் கலைத்து ஒரே தேசியப் படை அமைப்பதாக உறுதியளித்தன. அதைச் சரிபார்க்க ஐ.நா. அனுப்பிய ராணுவக் கண்காணிப்பாளர்கள் 350 பேர்தான். 1992 செப்டம்பரில் மக்கள் வரிசையில் நின்று வாக்களித்தபோது யுனிடாவின் படை பெரிதும் கலையாமலே இருந்தது. அதிபர் தோஸ் சான்டோஸுக்கு 49.57 விழுக்காடு, யுனிடாவின் தலைவர் சவிம்பிக்கு 40.07 விழுக்காடு வாக்குகள். எவருக்கும் பாதிக்குமேல் கிடைக்காததால் இரண்டாம் சுற்று நடந்திருக்க வேண்டும். மோசடி என்று கூறி சவிம்பி போருக்குத் திரும்பினார். ஐ.நா. பிரதிநிதி மார்கரெட் ஆன்ஸ்டியிடம் அதைத் தடுக்கும் வலு இல்லை.

அதே 1992 அக்டோபரில்தான் மொசாம்பிக் அதிபர் சிசானோவும் ரெனாமோ தலைவர் த்லகாமாவும் ரோமில் கையெழுத்திட்டனர். அங்கோலா மீண்டும் எரிந்ததை ஐ.நா. மறக்கவில்லை. இம்முறை ஏறத்தாழ 7,000 பேர் கொண்ட படைக்கு ஒப்புதல் கிடைத்தது. படைகள் கலையாமல் தேர்தல் இல்லை என்பதில் ஐ.நா. பிரதிநிதி ஆல்தோ அயெல்லோ உறுதியாக நின்றார். ஓராண்டில் நடக்க வேண்டிய தேர்தல் 1994 அக்டோபருக்குத் தள்ளிப்போனது. வாக்குப்பதிவுக்கு முந்தைய இரவு த்லகாமா புறக்கணிப்பை அறிவித்தார். ஆனால் விரைவிலேயே அதைக் கைவிட்டார். தோற்றபின்னும் அவர் காட்டுக்குத் திரும்பவில்லை. நாடாளுமன்றத்தின் 250 இடங்களில் 112 அவருடைய கட்சிக்குக் கிடைத்திருந்தன.

இரண்டாம் காரணம் பணம். சவிம்பியின் கையில் வைரச் சுரங்கங்கள் இருந்தன. ஐ.நா. தடை விதித்த பின்னரும் அந்த வைரங்கள் சந்தைக்குப் போயின, ஆயுதங்கள் வந்தன. போரே அவருக்கு வருமானம். ரெனாமோவிடம் அப்படியொரு புதையல் இல்லை. தென்னாப்பிரிக்காவின் ஆதரவும் வற்றியிருந்தது; 1992-இன் கொடும் வறட்சியில் ரெனாமோவின் படைவீரர்களே பட்டினி கிடந்தனர். அந்த நேரத்தில், ரெனாமோ ஓர் அரசியல் கட்சியாக மாறுவதற்கென்றே நன்கொடை நாடுகள் ஒரு நிதியம் அமைத்தன. இருதரப்பிலும் துப்பாக்கியைக் கீழே வைத்தவர்களுக்கு இரண்டு ஆண்டுகள் உதவித்தொகை கிடைத்தது. கிராமங்களை எரித்த, சிறுவர்களைக் கடத்திப் படையில் சேர்த்த இயக்கத்துக்குப் பணமா என்று கேட்பவர்களின் கோபம் நியாயமானதே. ஆனாலும் அந்தச் செலவு சரி என்றே நான் சொல்வேன். அது செய்யப்படாத இடத்தில் விலை கொடுத்தவர்கள் யார் என்பதற்கு அங்கோலாவே சான்று.

1993-இல் குய்ட்டோ நகரம் ஒன்பது மாதம் முற்றுகையில் கிடந்தது. அந்த ஆண்டு அங்கோலாவில் நாளொன்றுக்கு ஆயிரம் பேர்வரை மடிந்ததாக ஐ.நா. மதிப்பிட்டது. அதே காலத்தில் மொசாம்பிக்கின் ஏறத்தாழ 17 லட்சம் அகதிகள் ஊர் திரும்பிக்கொண்டிருந்தனர். அவர்களில் பெரும்பாலோர் மலாவியிலிருந்து வந்தவர்கள். திரும்பியவர்கள் விதைத்தார்கள். கண்ணிவெடிகளை அகற்றும் வேலை மெல்ல நடந்து, 2015-இல் மொசாம்பிக் அவற்றிலிருந்து விடுபட்டதாக அறிவித்தது. அங்கோலாவில் அதற்குப் பின்னரும் அந்த வேலை தொடர்ந்தது.

2002 பிப்ரவரியில் சவிம்பி கொல்லப்பட்டார். ஏப்ரலில் லுவேனா உடன்படிக்கையுடன் போர் முடிவுக்கு வந்தது. இடம்பெயர்ந்தோர் சுமார் 40 லட்சம். சரணடைந்த யுனிடா வீரர்களின் குடும்பங்கள் கூட்டிவைக்கப்பட்ட முகாம்களில் பட்டினி தலைவிரித்தாடியது. அரசிடம் பணம் இல்லாமல் இல்லை. 1997 முதல் 2002 வரை அரசின் எண்ணெய் வருமானத்தில் 400 கோடி டாலருக்கும் மேல் கணக்கில் வரவில்லை என்று ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் எடுத்துக்காட்டியது. வென்ற தரப்பைக் கேள்வி கேட்க வலுவான எதிர்த்தரப்பு இல்லாத நாட்டில், பசித்தவருக்காக யார் பேசுவது? தோஸ் சான்டோஸ் 2017 வரை பதவியில் இருந்தார். 2010 அரசியலமைப்பு, அதிபரைத் தனியாக வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் முறையையே நீக்கியது.

மொசாம்பிக்கின் அமைதிக்கும் ஓட்டை உண்டு. 1994-இல் ரெனாமோ ஐந்து மாகாணங்களில் முன்னிலை பெற்றது. ஆனாலும் எல்லா மாகாண ஆளுநர்களையும் நியமித்தவர் அதிபரே. தோற்ற தரப்புக்கு நாடாளுமன்றத்தில் இருக்கை கிடைத்தது. அதிகாரத்தில் பங்கு கிடைக்கவில்லை. அந்தக் குறை முற்றி, 2013-இல் மீண்டும் துப்பாக்கிச் சத்தம் கேட்டது. 2019-இல் இன்னொரு உடன்படிக்கை தேவைப்பட்டது; அந்த ஆண்டிலிருந்துதான் ஆளுநர்களை மாகாண மக்களின் வாக்கு முடிவு செய்கிறது. வடகோடியில் எரிவாயு வளம் கண்டறியப்பட்ட காபோ டெல்காடோவில் 2017-இல் வேறொரு கிளர்ச்சி வெடித்து, லட்சக்கணக்கானோரை மீண்டும் வீடிழக்கச் செய்தது.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் தெளிவாவது இதுதான். போர் முடிந்த நாட்டில் வாக்குப்பெட்டி தானாக அமைதியைக் கொண்டுவராது. தேர்தல் தேதியைக் குறிக்கும் முன் படைகள் கலைந்தனவா, தோற்பவர் ஆயுதமின்றி வாழ வழி உண்டா, அவருக்கு வாக்களித்த ஊர்களுக்கு அதிகாரத்தில் பங்கு உண்டா என்று கேட்டாக வேண்டும். முதல் இரண்டுக்கும் மொசாம்பிக் விடை கண்டது. அதனால் பல உயிர்கள் பிழைத்தன. மூன்றாவதைத் தள்ளிப்போட்டது; அதற்கு 2013-இல் விலை கொடுத்தது. அமைதிப் பேச்சின் மேசையில் இந்த மூன்றாவது கேள்வியும் முதல் நாளிலேயே வைக்கப்பட வேண்டும்.