வெட்டச் சுகமான உருக்கு

1970களின் நடுப்பகுதி. இறக்குமதிக் கட்டுப்பாடுகளால் உதிரிப்பாகங்கள் கிடைக்காத காலம். நான் பணியாற்றிய நாளிதழின் அச்சியந்திரத்தில் ஒரு சிறு தண்டு தேய்ந்துபோனது. எமது பட்டறைக் கடைசற்காரர் ஒரே மாலையில் புதிய தண்டொன்றைக் கடைந்து பொருத்தினார். கண்ணாடிபோல் மினுங்கிய வேலை. மூன்றாம் வாரம், நள்ளிரவில், அது முறிந்தது. பத்திரிகை மறுநாள் மதியம்தான் வெளிவந்தது. பழி அவரது கைகளின்மேல் விழுந்தது. அவரது கவனயீனமே காரணம் என நிர்வாகத்துக்கு எழுதிக் கொடுத்தவர்களுள் நானும் ஒருவன்.

2008இல் இலண்டனில் அவரைச் சந்தித்தேன். வீட்டின் பின்புறக் கொட்டகையில் பழைய மைஃபோர்ட் கடைசல் இயந்திரம் ஒன்றை வைத்திருந்தார். பிரித்தானியாவில் இது நெடுங்கால வழக்கம். வீட்டுப் பட்டறையாளருக்கான ‘மொடல் எஞ்சினியர்’ சஞ்சிகை 1898இலேயே தொடங்கிவிட்டது.

அன்று அவர் காட்டிய இரண்டு உருக்குக் கம்பிகளே என்னை இந்த வரலாற்றைத் தேடிப் படிக்க வைத்தன.

உருக்குத் தொழிலில் கந்தகம் பரம்பரைப் பகை. கந்தகம் மிகுந்த இரும்பு, செஞ்சூட்டில் அடிக்கும்போது வெடித்துவிடும். 1856இல் ஹென்றி பெசமர் தமது புதிய உருக்கு முறையை அறிவித்தார். அந்த உருக்கிலும் இக்குறை தலைகாட்டியது. ரொபர்ட் மஷெட் அதில் மங்கனீசு கலந்த இரும்பைச் சேர்த்து நிவர்த்தி கண்டார். மங்கனீசு கந்தகத்தைத் தன்னோடு பிணைத்து, தீங்கு குறைந்த நுண்துணுக்குகளாக மாற்றிவிடுகிறது.

அத்துணுக்குகளுக்கு வேறொரு குணமும் உண்டு. வெட்டும்போது சீவலை ஆங்காங்கே முறித்து, உளியின் முனையில் உராய்வைக் குறைக்கின்றன. 1873இல் அமெரிக்கர் கிறிஸ்ரோபர் ஸ்பென்சர் தானியங்கித் திருகாணி இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். ஆள் நின்று சீவலை அகற்றாத இத்தகைய இயந்திரங்களுக்கு, சீவல் தானாக உதிரும் உருக்கு தேவைப்பட்டது. பகையாயிருந்த கந்தகம் இப்போது வேண்டுமென்றே சேர்க்கப்பட்டது. 1930களில் ஈயமும் சேர்ந்தது. திண்ம உருக்கில் கரையாத ஈயம், நுண்துளிகளாக நின்று உளிக்கு மசகாகிறது.

பிரித்தானியப் பட்டறைகளில் இவ்வகை உருக்கை ‘ஈஎன் 1ஏ’ என்பர். போர்க்காலத்தில், 1941இல் வகுத்த எண்வரிசை அது. சாதாரண உருக்கில் கந்தகத்தை 0.05 சதவீதத்துக்குள் அடக்குவர். இதிலோ ஏறத்தாழ 0.3 சதவீதம். ஈயம் கலந்த வகையில் 0.15 முதல் 0.35 சதவீதம் வரை ஈயமும் உண்டு. வலுக்குறைந்த வீட்டு இயந்திரத்துக்கு இது வரப்பிரசாதம்.

ஆனால் வரத்துக்கு விலையுண்டு. உருக்கைக் கம்பியாக உருட்டும்போது அந்தக் கந்தகத் துணுக்குகளும் நீண்டு நார்போலாகின்றன. அதனால் குறுக்குவாட்டு வலிமை குறைகிறது. மீண்டும் மீண்டும் வரும் அதிர்வை உருக்கு நெடுநாள் தாங்காது. வெல்டிங் செய்தால் வெடிப்பு விழும். கரிமம் குறைவாதலால் உள்வரை கடினமாக்கவும் இயலாது. குமிழ், வளையம், இடைத்துண்டு, சிறு திருகாணி ஆகியவற்றுக்கு இது போதும். பாரம் சுமக்கும் தண்டுக்கு, ஏறத்தாழ 0.4 சதவீதம் கரிமமுள்ள ‘ஈஎன் 8’ போன்றதையே நாடவேண்டும். அது உளியைச் சற்றே சோதிக்கும். ஈயம் கலந்ததைக் கடைபவர் அதைச் சூடாக்காதிருப்பதும், வேலை முடிந்ததும் கைகழுவுவதும் அவசியம். 2018இல் ஐரோப்பிய ஒன்றியம் ஈயத்தை மிகுந்த கரிசனைக்குரிய பொருட்களின் பட்டியலில் சேர்த்தது.

அன்று கொட்டகையில் அவர் இரு கம்பிகளையும் கடைந்து காட்டினார். ஒன்றிலிருந்து சீவல் பொடியாக உதிர்ந்தது. மற்றதிலிருந்து நீலம் பாய்ந்த நீண்ட சுருளாக எழுந்தது.

“அண்டைக்கு நான் எடுத்த கம்பி இந்தப் பொடி உதிர்ந்த சாதிதான் தம்பி. வெட்டச் சுகமாயிருந்தது. பாரம் தாங்குமோ எண்டு யோசிக்கேல்லை. யோசிச்சிருந்தாலும் வேறை இரும்பு எங்கை இருந்தது?”

ஈய எழுத்துகளுக்கிடையே வாழ்நாளைக் கழித்த எனக்கு அந்த ஈயத்தின் கதை தெரிந்திருக்கவில்லை. தெரியாமலே ஒருவரின் கைகளைக் குற்றஞ்சாட்டி எழுதினேன். அதை அவரிடம் சொன்னேன்.

“எனக்குத் தெரியும் தம்பி” என்றார். பிறகு இயந்திரத்தை நிறுத்தி, கைகழுவி, தேநீர் கொண்டுவந்தார்.