எளிய உரைக் கணக்குப்பதிவு

எளிய உரைக் கணக்குப்பதிவு என்பது, வரவு செலவு விவரங்களைச் சாதாரண உரைக் கோப்பு ஒன்றில் எழுதிவைத்து, அக்கோப்பைப் படித்து அறிக்கை தரும் சிறிய மென்பொருளின் துணையுடன் கணக்குப் பார்க்கும் முறை ஆகும். ஆங்கிலத்தில் இது பிளெயின் டெக்ஸ்ட் அக்கவுண்டிங் எனப்படுகின்றது. லெட்ஜர், எச்லெட்ஜர், பீன்கவுன்ட் ஆகியன இம்முறையில் பரவலாகப் பயன்படும் கட்டற்ற மென்பொருள்கள். வங்கிக் கணக்கு, கடனட்டை, சேமிப்பு, கடன் ஆகியவற்றை ஒரே இடத்தில் பேண விரும்பும் தனிநபர்களே இதன் முதன்மைப் பயனர்கள். வங்கி தரும் கணக்கு அறிக்கையில் இருந்து பதிவுகளைத் தானியக்கமாக உருவாக்க இயலும் என்பது இம்முறையின் சிறப்பு. எனினும், அவ்வாறு உருவான பதிவுகள் சரியானவையா என்று பார்க்கும் வேலை முழுவதையும் கணினியிடம் விட்டுவிட முடியாது.

அடிப்படை

இம்முறை இரட்டைப்பதிவு முறையை அடித்தளமாகக் கொண்டது. வெனிசு வணிகர்கள் கையாண்டுவந்த இரட்டைப்பதிவு முறையை லூக்கா பசியோலி 1494 ஆம் ஆண்டில் வெனிசில் அச்சிடப்பட்ட தமது கணித நூலில் விளக்கினார். ஒரு கணக்கில் இருந்து பணம் வெளியேறினால் அது இன்னொரு கணக்கிற்குச் சென்றிருக்க வேண்டும் என்பதே இதன் விதி. எனவே ஒவ்வொரு நடவடிக்கையிலும் உள்ள தொகைகளைக் கூட்டினால் சுழியம் கிடைக்க வேண்டும். லெட்ஜர், எச்லெட்ஜர் ஆகியவற்றுக்கான பதிவு ஒன்று பின்வருமாறு அமையும்:

2024-06-03 மளிகைக் கடை
    செலவு:உணவு:மளிகை    1250.00 ரூபாய்
    சொத்து:வங்கி:சேமிப்பு

முதல் வரியில் நாளும் விவரமும் உள்ளன. அடுத்த வரிகள் சற்று உள்தள்ளி எழுதப்படுகின்றன. கணக்கின் பெயருக்கும் தொகைக்கும் இடையில் குறைந்தது இரண்டு வெற்றிடங்கள் வேண்டும். ஒரே ஒரு வெற்றிடம் விட்டால் தொகையும் பெயரின் பகுதியாகக் கொள்ளப்படும். புதியவர்களைப் பெரிதும் குழப்புவது இதுவே. கடைசி வரியில் தொகை எழுதப்படவில்லை. கூட்டுத்தொகை சுழியமாக வேண்டும் என்பதால் அது கழித்தல் 1250 ரூபாய் என்பதை மென்பொருளே கணித்துக்கொள்கின்றது. முக்காற்புள்ளி உட்கணக்குகளைப் பிரிக்கின்றது. ஆகவே "செலவு:உணவு" என்று கேட்டால் மளிகை, உணவகம் முதலிய எல்லாவற்றின் கூட்டுத்தொகையும் கிடைக்கும்.

ஒரு கணக்கில் சேரும் தொகை கூட்டல் எண்ணாகவும், வெளியேறும் தொகை கழித்தல் எண்ணாகவும் எழுதப்படுவது தமிழ் மாணவர்களுக்கு ஒரு வகையில் வசதியானது. தமிழ்நாட்டுப் பாடநூல்களில் பற்று, வரவு என்று வழங்கப்படும் இரு பக்கங்களும் இலங்கைப் பாடநூல்களில் முறையே வரவு, செலவு எனப்படுகின்றன. அதாவது "வரவு" என்ற ஒரே சொல் இரு நாடுகளிலும் எதிரெதிர்ப் பக்கங்களைக் குறிக்கின்றது. குறியீடுகளைக் கொண்டு எழுதும்போது இக்குழப்பம் எழுவதில்லை.

வரலாறு

ஜான் வீக்லி சி++ மொழியில் எழுதிய லெட்ஜர் 2003 இல் தொடங்கப்பட்டது. பயனரின் கோப்பை லெட்ஜர் ஒருபோதும் மாற்றுவதில்லை. படிப்பதும் அறிக்கை தருவதும் மட்டுமே அதன் பணி. சைமன் மைக்கேல் 2007 இல் ஹாஸ்கெல் மொழியில் தொடங்கிய எச்லெட்ஜர் பெரும்பாலும் அதே எழுத்துமுறையைப் பின்பற்றுகின்றது. மார்ட்டின் பிளே பைத்தான் மொழியில் உருவாக்கிய பீன்கவுன்ட் கூடுதல் கண்டிப்பு உடையது. அதில் ஒரு கணக்கை முறைப்படி திறந்த பின்னரே அதில் பதிவு செய்யலாம். எழுத்துப் பிழையால் புதிய கணக்கு ஒன்று தானாகத் தோன்றிவிடாது. பீன்கவுன்டின் மூன்றாம் பதிப்பு 2024 இல் வெளிவந்தது. ஃபாவா என்னும் துணை மென்பொருள் பீன்கவுன்ட் கோப்பை உலாவியில் வரைபடங்களுடன் காட்டுகின்றது.

படவடிவ இடைமுகம் கொண்ட மென்பொருள்கள் இருக்கையில் உரைக் கோப்பைச் சிலர் நாடுவதற்குக் கோப்பின் ஆயுளே முதன்மையான காரணம். மைக்ரோசாஃப்ட் மணி மென்பொருளின் விற்பனை 2009 இல் நிறுத்தப்பட்டது. இணையவழிச் சேவையான மிண்ட் 2024 இல் மூடப்பட்டது. இத்தகைய நேரங்களில் பயனர்கள் தம் பழைய கணக்குகளை வேறு வடிவுக்கு மாற்றிக்கொள்ளத் தாமே வழி தேட வேண்டியுள்ளது. உரைக் கோப்பிலோ, மென்பொருள் மறைந்தாலும் மனிதர் படிக்கக்கூடிய பதிவு எஞ்சும். கிட் போன்ற பதிப்புக் கட்டுப்பாட்டு முறைமையில் கோப்பை வைத்தால் எந்த வரி எப்போது மாற்றப்பட்டது என்பதும் தெரியும்.

பதிவுகளைத் தானியக்கமாக உருவாக்குதல்

ஒவ்வொரு செலவையும் கையால் எழுதுவது சில வாரங்களில் சலித்துவிடும். ஆதலால் பெரும்பாலானோர் வங்கியின் இணையதளத்தில் இருந்து கணக்கு அறிக்கையைச் சிஎஸ்வி கோப்பாகத் தரவிறக்கி அதனைப் பதிவுகளாக மாற்றுகின்றனர். சிஎஸ்வி என்பது நிரல்களைக் காற்புள்ளியால் பிரித்து எழுதும் எளிய அட்டவணை வடிவம் ஆகும்.

எச்லெட்ஜரில் இதற்கென ஒரு விதிக்கோப்பு எழுதப்படுகின்றது. எந்த நிரல் நாள், எது விவரம், எது தொகை என்பதை அது முதலில் கூறும். பின்னர் நிபந்தனைகள் வரும். விவரத்தில் மின் வாரியத்தின் பெயர் இருந்தால் "செலவு:வீடு:மின்சாரம்", சம்பளம் என்றிருந்தால் "வருமானம்:சம்பளம்" என்றவாறு அவை அமையும். எந்த நிபந்தனைக்கும் பொருந்தாதவை அறியப்படாத செலவு அல்லது அறியப்படாத வருமானம் என்ற கணக்கில் போய்ச் சேரும். அதனை அவ்வப்போது பார்த்துப் புதிய விதிகளைச் சேர்த்துவந்தால் கைவேலை படிப்படியாகக் குறையும். பீன்கவுன்டில் விதிக்கோப்புக்கு மாறாக ஒவ்வொரு வங்கிக்கும் ஒரு சிறு பைத்தான் நிரல் எழுதப்படுகின்றது. முந்தைய பதிவுகளில் இருந்து கற்றுக்கொண்டு கணக்கை ஊகிக்கும் துணை நிரல்களும் உள்ளன.

ஒரே அறிக்கையை இருமுறை ஏற்றினால் பதிவுகளும் இரட்டிக்கும் அல்லவா? இதனைத் தவிர்க்க, கடைசியாக ஏற்றிய நாளை எச்லெட்ஜர் ஒரு மறைகோப்பில் குறித்துவைத்து, அடுத்த முறை அதன் பின் வந்தவற்றை மட்டும் சேர்க்கின்றது. புதிய நடவடிக்கைகள் எப்போதும் புதிய நாளுடனேயே வரும் என்ற எடுகோளில் இது இயங்குகின்றது. வங்கி முன்தேதியிட்டு ஒரு வரியைப் பின்னர் செருகினால் அது விடுபட்டுப்போகும்.

இதனினும் தொல்லை தருவது இரு கணக்குகளுக்கு இடையிலான பரிமாற்றம். சேமிப்புக் கணக்கில் இருந்து கடனட்டைக்கு 8,500 ரூபாய் செலுத்தப்பட்டதாகக் கொள்வோம். அது வங்கி அறிக்கையிலும் கடனட்டை அறிக்கையிலும் ஒவ்வொரு முறை காணப்படும். இரண்டையும் நேரடியாக ஏற்றினால் ஒரே பணம் இரு பதிவுகளாகி, சேமிப்பில் 17,000 ரூபாய் குறைந்ததாகக் காட்டும். ஒவ்வொரு பதிவும் தனித்தனியே சுழியமாகக் கூடுவதால் இரட்டைப்பதிவு விதி இப்பிழையைக் கண்டுபிடிக்காது. இதற்குத் தீர்வாக "சொத்து:பரிமாற்றம்" என்ற இடைக்கணக்கு வைக்கப்படுகின்றது. வங்கி அறிக்கையின் வரி தொகையை அதில் சேர்க்கும். கடனட்டை அறிக்கையின் வரி அதில் இருந்து எடுக்கும். இரண்டும் வந்த பின் இடைக்கணக்கின் இருப்பு சுழியமாக வேண்டும். ஆகாவிட்டால் ஒரு பக்கம் இன்னும் வரவில்லை அல்லது இருமுறை வந்துள்ளது என்று பொருள்.

வாடகை, கடன் தவணை போன்று மாதந்தோறும் வருவனவற்றைக் காலமுறைப் பதிவாக ஒருமுறை எழுதிவிடலாம். லெட்ஜரும் எச்லெட்ஜரும் அதனைக் கொண்டு வரவுசெலவுத் திட்டமும் வருங்கால இருப்பின் மதிப்பீடும் தரவல்லன.

சரிபார்த்தல்

தானியக்கப் பதிவுகளுக்கு உண்மையான காவல் இருப்பு உறுதிப்பாடு ஆகும். குறிப்பிட்ட நாளில் இக்கணக்கில் இவ்வளவு இருக்க வேண்டும் என்று வங்கி அறிக்கையில் உள்ள தொகையைக் கோப்பிலேயே எழுதிவைப்பர். கணக்கிட்ட தொகை அதனோடு ஒவ்வாவிடில் மென்பொருள் பிழை காட்டும். இதில் மூன்று மென்பொருள்களும் சிறிது வேறுபடுகின்றன. லெட்ஜர் கோப்பில் உள்ள வரிசைப்படியும், எச்லெட்ஜர் நாள் வரிசைப்படியும் உறுதிப்பாட்டைச் சோதிக்கின்றன. பீன்கவுன்ட் அந்நாளின் தொடக்கத்தில் இருந்த இருப்பைச் சோதிக்கின்றது. எனவே சூன் 30 இன் இறுதி இருப்பைப் பீன்கவுன்டில் சூலை 1 என்று நாளிட்டு எழுத வேண்டும்.

மாதத்துக்கு ஒரு உறுதிப்பாடு இருந்தால் விடுபட்ட வரி, இரட்டித்த வரி, தொகைப் பிழை ஆகியன அந்த மாத எல்லைக்குள்ளேயே அகப்படும். உறுதிப்பாடு இல்லாமல் ஓராண்டுப் பதிவுகளை ஏற்றிவிட்டு, கடைசியில் இருப்பு வேறுபடுவதைக் கண்டு பிழையைத் தேடுவது கடினம். ஆனால் இருப்பு சரியாக இருந்தும் வகை தவறாக இருக்கலாம். மளிகைக் கடையில் வாங்கிய மருந்து உணவுச் செலவாகவே பதியும். இந்தியாவில் யுபிஐ வழியாகச் செலுத்தும் தொகைக்கு வங்கி அறிக்கையில் பெரும்பாலும் பெறுநரின் பெயரும் பரிமாற்ற எண்ணுமே இருக்கும்; வாங்கியது என்ன என்பது இராது. கையில் எடுத்த ரொக்கம் எங்கே போயிற்று என்பதையும் எந்த அறிக்கையும் கூறாது. இவற்றை நினைவு அழிவதற்கு முன் கையால் எழுதுவதைத் தவிர வேறு வழியில்லை.

குறைபாடுகளும் தமிழ்ப் பயன்பாடும்

கட்டளை வரியில் பழக்கம் இல்லாதவர்களுக்கு இம்முறை எளிதன்று. பலர் ஒரே நேரத்தில் பதிவு செய்யும் நிறுவனங்களுக்கும் இது அவ்வளவாகப் பொருந்தாது. மேலும், கோப்பு மறையாக்கம் செய்யப்படாதது. கணினியைத் திறப்பவர் எவரும் குடும்பத்தின் முழு நிதிநிலையையும் வாசித்துவிடலாம். ஆதலால் வட்டு முழுவதையும் மறையாக்கம் செய்வது நல்லது. வங்கியின் கடவுச்சொல்லை நிரலுக்குள் எழுதிவைத்து அறிக்கையைத் தானாகத் தரவிறக்கச் செய்வோரும் உள்ளனர். மிச்சமாகும் சில நிமிடங்களுக்கு அது மிகையான இடர்.

ஒருங்குறியை ஏற்பதால் லெட்ஜர், எச்லெட்ஜர் இரண்டிலும் கணக்குப் பெயர்களைத் தமிழில் எழுதலாம். எச்லெட்ஜர் சில அறிக்கைகளுக்குச் சொத்து எது, செலவு எது என்பதை ஆங்கிலப் பெயரைக் கொண்டே உணர்வதால், தமிழ்ப் பெயர்களின் வகையைக் கோப்பின் தொடக்கத்தில் அறிவிக்க வேண்டும். இலட்சம், கோடி எனப் பிரிக்கும் இந்திய இலக்கமுறையையும் அது ஏற்கின்றது. கட்டளைச் சாளரத்தில் தமிழ் எழுத்துகளின் அகலம் சரிவரக் கணிக்கப்படாததால் அறிக்கையின் நிரல்கள் கோணலாகத் தெரியக்கூடும். கூட்டல் கழித்தலில் இதனால் பிழை நேராது.