புகுமுக வகுப்பிலிருந்து மூன்று வார அறிமுகப் பயிற்சி வரை: திருப்பெரும்புதூர் – ஒரகடம் பகுதியை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

தமிழகத்தில் உயர்கல்வி பற்றிய விவாதங்கள் பெரும்பாலும் சேர்க்கையைச் சுற்றியே நிகழ்ந்துள்ளன. எவர் உள்ளே வரலாம், எந்த மதிப்பெண்ணில் வரலாம், எந்த ஒதுக்கீட்டில் வரலாம் என்பனவே கேள்விகள். உள்ளே வந்தவர் முதலாண்டை எவ்வாறு கடந்தார் என்னும் கேள்வி அந்த அளவுக்கு எழுப்பப்படவில்லை. அவ்வாண்டுக்கென அமைப்புகள் உருவாக்கிய துணைகளின் வரலாற்றை, ஆலைகளும் பொறியியல் கல்லூரிகளும் அடுத்தடுத்து நிற்கும் திருப்பெரும்புதூர் – ஒரகடம் பகுதியை மனத்திற் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

புகுமுக வகுப்பு

இடைநிலை வகுப்பாகிய இன்டர்மீடியட் கைவிடப்பட்டபின், 1950களின் நடுப்பகுதியில் சென்னைப் பல்கலைக்கழகம் ஓராண்டுப் புகுமுக வகுப்பைக் கொண்டுவந்தது. பதினோராண்டுப் பள்ளிப்படிப்பை முடித்த மாணவர், பட்ட வகுப்புக்குமுன் ஓராண்டைக் கல்லூரிக்குள்ளேயே கழித்தார். கல்லூரி ஆசிரியரே பாடம் நடத்தினார். கல்லூரி நூலகமும் ஆய்வகமும் அவருக்குத் திறந்திருந்தன. பள்ளியில் தமிழில் பயின்றவர் ஆங்கில விரிவுரையை முதன்முதலில் எதிர்கொண்ட இடமும் அதுவே.

அதை மென்மையான பாலமாகக் கருதிவிட இயலாது. ‘பியூசி பெயில்’ என்பது ஒரு தலைமுறையின் அன்றாடச் சொல்லாக இருந்தது. கிராமத்துப் பிள்ளைகள் பலர் ஆங்கிலத்தாளில் தடுக்கி அவ்வாண்டோடு திரும்பினர். ஆயினும் புதிய சூழலுக்குப் பழக ஓர் ஆண்டு தேவை என்பதை அவ்வமைப்பு ஏற்றிருந்தது என்பதை மறுக்கவியலாது. பயிற்றுமொழிச் சிக்கலும் இக்காலத்தில்தான் கூர்மையடைந்தது. 1960இல் கோவை அரசு கலைக் கல்லூரியில் தமிழ்வழிப் பட்ட வகுப்பு சோதனை முறையில் தொடங்கப்பட்டதையும், கல்லூரிப் பாடநூல்களைத் தமிழில் வெளியிட அரசு முனைந்ததையும் இத்தொடர்ச்சியிலேயே காண வேண்டும்.

கோத்தாரி ஆணையம் (1964–66) பரிந்துரைத்த 10+2+3 முறையைத் தமிழகம் 1978இல் ஏற்று மேல்நிலைக் கல்வியைத் தொடங்கியது. புகுமுக வகுப்பு மறைந்தது. பதினேழு வயது மாணவர்க்கு ஊருக்கு அருகிலேயே இரண்டாண்டுக் கல்வி கிடைத்தது பெரும் நன்மை. அதே வேளையில், கல்லூரிச் சூழலுக்கு ஆயத்தப்படுத்தும் பொறுப்பு கல்லூரியைவிட்டு நீங்கிப் பள்ளிக்குச் சென்றது. பள்ளியோ பொதுத்தேர்வு மதிப்பெண்ணை நோக்கியே ஓடியது. ஒப்படைப்பு எழுதுதல், நூலகத்தில் தேடிப் படித்தல், விரிவுரையைக் கேட்டுக் குறிப்பெடுத்தல் ஆகியவை இருதரப்பிலும் கற்பிக்கப்படாதனவாயின.

ஆலைகளும் கல்லூரிகளும்

இந்த இடைவெளி திறந்திருந்த காலத்தில்தான் திருப்பெரும்புதூர் வட்டாரம் மாறியது. 1980களின் நடுவில் தமிழகத்தில் தனியார் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகள் பெருகின. திருப்பெரும்புதூரை அடுத்த பென்னலூரில் இப்போதுள்ள ஸ்ரீவெங்கடேஸ்வரா பொறியியல் கல்லூரி 1985இல் தோன்றியது. ஆலைகள் அதன்பின் வந்தன: 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் உற்பத்தியைத் தொடங்கியது, 2006இல் நோக்கியா, 2010இல் ஒரகடத்தில் ரெனோ–நிசான். ஏரிப்பாசன ஊர்களின் பிள்ளைகள் பன்னிரண்டாம் வகுப்பையோ பட்டயப்படிப்பையோ முடித்ததும் ஆலைப் பேருந்தில் ஏறுவது வழக்கமாயிற்று. அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவே 2013இல் விதிமுறை வகுத்த ‘நீம்’ திட்டம், இடைநின்றோரையும் படித்துக்கொண்டிருப்போரையும் பயிற்சியாளர் என்ற பெயரில் ஆலைக்குள் அனுப்பியது.

சேர்க்கை வாயிலும் அகன்றது. நுழைவுத்தேர்வு 2006ஆம் ஆண்டுச் சட்டத்தால் நீக்கப்பட்டு, 2007–08 முதல் மேல்நிலை மதிப்பெண்ணே அடிப்படையாயிற்று. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் பயின்றோர்க்குத் தொழிற்கல்வியில் 7.5 விழுக்காடு ஒதுக்கும் சட்டம் 2021இல் நிறைவேறியது. அவர்களின் கட்டணங்களை அரசே ஏற்றது. 2022இல் புதுமைப் பெண் திட்டமும் 2024இல் தமிழ்ப் புதல்வன் திட்டமும் மாதம் ஆயிரம் ரூபாய் வழங்கத் தொடங்கின. தமிழ்ப் புதல்வன் தொடங்கப்பட்ட இடம், முன்னர்க் கூறிய அதே கோவை அரசு கலைக் கல்லூரி.

பணத்தடை குறைந்தது, மொழித்தடையோ நின்றது. அண்ணா பல்கலைக்கழகம் 2010இல் தமிழ்வழிப் பொறியியலைத் தொடங்கியபோது அது கட்டடவியல், இயந்திரவியல் ஆகிய இரு துறைகளோடு நின்றது. மின்னணுவியலைத் தேர்ந்த தமிழ்வழி மாணவருக்கு அதனால் பயனில்லை. ஒரகடத்து ஆலைகள் கேட்பதோ அத்துறையையுந்தான்.

மூன்று வாரம்

தொழில்நுட்பக் கல்விக் குழு 2017–18ஆம் கல்வியாண்டையொட்டி மூன்று வார மாணவர் அறிமுகப் பயிற்சியை வலியுறுத்தியது. பல்கலைக்கழக மானியக் குழு 2019இல் ‘தீக்‌ஷாரம்ப்’ என்னும் வழிகாட்டியை வெளியிட்டது. உடற்பயிற்சி, கலை, மனித விழுமியங்கள், சான்றோர் உரை, அருகிலுள்ள இடங்களைக் காணல் எனப் பல கூறுகள் இவற்றில் உண்டு. மொழித்திறன், கணினித்திறன் பயிற்சி அவற்றுள் ஒன்று மட்டுமே. பல கல்லூரிகள் ‘பிரிட்ஜ் கோர்ஸ்’ என்ற பெயரில் ஆங்கிலமும் கணிதமும் தனியே நடத்துகின்றன. நோக்கம் நன்றே. எனினும் ஓராண்டு செய்து தடுமாறிய பணியை மூன்று வாரத்திடம் ஒப்படைத்திருக்கிறோம்.

இதிலும் விடுபடுவோர் யாவர் என்று நோக்கினால் அமைப்பின் முரண் விளங்கும். மேல்நிலை உடனடித் தேர்வில் தேறித் துணைக் கலந்தாய்வு வழியாகச் சேர்பவர் வகுப்புகள் தொடங்கிய பின்னரே வர நேர்வதுண்டு. பயிற்சி மிகத் தேவைப்படுபவர் அவர்தாம். பட்டயப்படிப்பு முடித்தவரோ நேரே இரண்டாமாண்டில் சேர்கிறார்; முதலாண்டின் அறிமுகப் பயிற்சி அவருக்கு இல்லை. ஆலையில் இரண்டோ மூன்றோ ஆண்டு முறைப்பணி செய்து, சேமித்த பணத்தோடு படிக்க வருபவர் இவ்வழியில்தான் வருகிறார். இயந்திரத்தை அறிந்த அவர், தொகை நுண்கணிதத்தைத் தொட்டு ஆண்டுகள் ஆகியிருக்கும். பல்வேறு பின்புலத்தினர்க்குக் கணிதம், இயற்பியல், பொறியியல் வரைபடம் ஆகியவற்றில் இணைப்புப் பாடம் வழங்கப் பல்கலைக்கழகங்களைக் குழுவின் 2021–22 கையேடு கேட்டுக்கொண்டது. அதை யார், எந்த நேரத்தில், எந்தப் பாடவேளையில் நடத்துவது என்பது கல்லூரியின் பொறுப்பில் விடப்பட்டது.

இவ்விடத்தில் ஒரு தன்குறிப்பு. இக்கட்டுரையாளரும் தமிழ்வழியில் பயின்று, வட்டாட்சியர் அலுவலகத்தில் முதல் பட்டதாரிச் சான்று பெற்றுக் கல்லூரிக்குள் நுழைந்தவரே. ‘இன்டர்னல்’, ‘அரியர்’, ‘அசைன்மென்ட்’ ஆகியவற்றை அவருக்கு விளக்கியவர் விடுதியறையில் உடனிருந்த மூன்றாமாண்டு அண்ணன் ஒருவர். ஆவணங்களில் இடம்பெறாத இத்தகைய துணைதான் தமிழகக் கல்லூரிகளின் மிகப் பழைய இணைப்புப் பயிற்சி என்று கூறத் தோன்றுகிறது. விடுதியில் தங்காது, இரவு முறைப்பணி முடித்து நேரே வகுப்புக்கு வருபவருக்கு அந்த அண்ணனும் இல்லை.

2023–24 முதல் பணிபுரிவோர்க்கென நெகிழ்வான நேரத்தில் பொறியியல் வகுப்பு நடத்தக் கல்லூரிகளுக்கு இசைவு தரப்பட்டுள்ளது. 2024 ஆகஸ்டு 17 அன்று வல்லம் வடகாலில் 18,720 படுக்கைகள் கொண்ட பெண் தொழிலாளர் குடியிருப்பு திறக்கப்பட்டது. அங்குத் தங்குவோரிற் பெரும்பாலோர் கல்லூரி செல்லும் வயதினர். பணிநேர அட்டவணையையும் பாடவேளை அட்டவணையையும் ஒருங்கே வைத்துப் பார்க்கும் பணி இன்னும் எந்த அலுவலகத்தின் பொறுப்பாகவும் ஆகவில்லை.