ஆடி அகன்றபின் திரும்பிவந்த லென்ஸ்கள்

1987ஆம் ஆண்டில் கேனான் நிறுவனம் இ.எஃப். என்னும் புதிய லென்ஸ் பொருத்துமுறையை அறிமுகப்படுத்தியது. 1971 முதல் அதே நிறுவனம் விற்றுவந்த எஃப்.டி. லென்ஸ்கள் புதிய கேமராக்களில் பொருந்தவில்லை. அவற்றின் கண்ணாடி பழுதடையவில்லை; ஒளியைக் குவிக்கும் ஆற்றலும் குன்றவில்லை. ஆயினும் அவை காலாவதியாயின. இன்று அதே லென்ஸ்கள் ஓர் உலோக வளையத்தின் துணையுடன் டிஜிட்டல் கேமராக்களில் மீண்டும் இயங்குகின்றன. ஒரு கருவி எப்போது பழையதாகிறது, அதை யார் தீர்மானிக்கிறார் என்னும் கேள்விக்கு இவ்வரலாறு விடை தருகிறது.

இதைப் புரிந்துகொள்ள ஓர் அளவை அறிந்தால் போதும்: லென்ஸ் பொருந்தும் தளத்திற்கும் படச்சுருளுக்கும் இடையிலுள்ள தூரம். எஃப்.டி. முறையில் அது 42 மி.மீ.; இ.எஃப். முறையில் 44 மி.மீ. தனக்கு வகுக்கப்பட்ட தூரத்தைவிடத் தள்ளி அமரும் லென்ஸ் அருகிலுள்ள பொருளைக் காட்டும். தொலைவிலுள்ள மலையைத் தெளிவாகக் காட்டாது. ஆகவே எஃப்.டி. லென்ஸ் இ.எஃப். கேமராவில் முழுமையாக இயங்க வேண்டுமெனில் 2 மி.மீ. உள்ளே செல்ல வேண்டும், அதற்கு வழியில்லை. எதிர்த்திசையில் இச்சிக்கல் எழுவதில்லை. கேமராவின் தூரம் லென்ஸின் தூரத்தைவிடக் குறைவாக இருந்தால், எஞ்சும் இடைவெளியை வெற்று வளையமே நிரப்பிவிடும்.

எல்லாப் பொருத்துமுறைகளும் இவ்வாறு கதவடைத்தவை அல்ல. 1949இல் டிரெஸ்டனில் வெளியான கான்டாக்ஸ் எஸ் கேமரா 42 மி.மீ. விட்டமுள்ள திருகு வாயைக் கொண்டிருந்தது. எம்42 எனப்படும் அத்திருகைக் கிழக்கு ஜெர்மனியின் பிராக்டிகா, ஜப்பானின் பென்டாக்ஸ், சோவியத் ஒன்றியத்தின் ஜெனிட் ஆகியவையும் பயன்படுத்தின. பனிப்போரின் இரு தரப்பிலும் செய்யப்பட்ட லென்ஸ்களை ஒரே கேமராவில் மாற்றி மாற்றிப் பொருத்த முடிந்தது. மொழியியல் நோக்கில் இதை ஓர் இணைப்புமொழி எனலாம். 1975இல் பென்டாக்ஸ் திருகை விடுத்துக் கே வகைக்கு மாறியபோதும் 45.46 மி.மீ. என்னும் பழைய தூரத்தை மாற்றவில்லை. எனவே ஒரு மெல்லிய வளையத்துடன் பழைய லென்ஸ்கள் தொடர்ந்து பயன்பட்டன. கேனானின் முடிவு தவிர்க்க இயலாத இயற்கை விதி அன்று என்பதற்கு இதுவே சான்று.

இத்தூரங்கள் அனைத்தும் 40 மி.மீட்டரைத் தாண்டியதற்குக் காரணம் ஆடி. ஒற்றை லென்ஸ் ரிஃப்ளெக்ஸ் கேமராவில் லென்ஸுக்கும் படச்சுருளுக்கும் நடுவே சாய்ந்த ஆடி ஒன்று எழுந்து தாழ வேண்டும். படச்சுருளின் இடத்தில் உணரி வந்த பின்னரும் இவ்வகைக் கேமராக்களில் ஆடி நீடித்தது. 2008இல் ஒலிம்பஸும் பானசோனிக்கும் அறிவித்த மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் முறையில் ஆடி இல்லை. உணரி காணும் காட்சியே திரையில் தோன்றியது. 2010இல் வந்த சோனியின் இ வகையில் தூரம் 18 மி.மீட்டராகச் சுருங்கியது. 2013இல் வெளியான அந்நிறுவனத்தின் ஏ7 கேமராவில் உணரி 36 x 24 மி.மீ. அளவினது, அதாவது 35 மி.மீ. படச்சுருளின் சட்டத்திற்கு நிகரானது. பழைய லென்ஸ் தனக்குரிய பார்வைக் கோணத்தை அதில் மீண்டும் பெற்றது.

இங்கு ஒரு முரண் உண்டு. எம்42, எஃப்.டி. லென்ஸ்களில் ஒளித்துளையையும் குவியத்தையும் கையால் திருப்பும் வளையங்கள் கட்டுப்படுத்துகின்றன. இ.எஃப். லென்ஸின் துளையோ கேமரா அனுப்பும் மின்சைகையால் இயங்குகிறது. அச்சைகையை அறிந்த மின்னணு வளையம் இல்லாவிடில் துளையின் அளவை மாற்ற இயலாது. முன்னேறிய கருவியைவிட முந்தைய கருவியே எளிதில் இடம்பெயர்கிறது.

ஆவணங்களோடு பணியாற்றும் நமக்கு இச்செய்தி நெருக்கமானது. 1956இல் நிக்கான் வெளியிட்ட 5 செ.மீ. மைக்ரோ-நிக்கோர், ஆவணங்களை நுண்படமாக்குவதற்கென உருவானது. ஜப்பானியத்தில் வழங்கும் சீன எழுத்துகளின் நெருங்கிய கோடுகளைப் பிரித்துக்காட்ட மேலும் கூர்மையான லென்ஸ் தேவைப்பட்டது. ஓர் எழுத்துமுறையின் தேவை ஒரு லென்ஸைத் தோற்றுவித்தது! அதன் வழிவந்த 55 மி.மீ. லென்ஸ் நிக்கானின் எஃப் வகைக்குரியது; அவ்வகையின் தூரம் 46.5 மி.மீ. ஆகவே 28.5 மி.மீ. வளையம் அதைச் சோனி கேமராவில் இருத்திவிடும். அசையாத ஓலைச்சுவடிக்குத் தானியங்கிக் குவியம் தேவையில்லை. நல்கை குறைந்த ஆய்வு மாணவருக்கு இது பொருட்படுத்தத்தக்க வழி.

இவ்வழிக்கு எல்லைகளும் உண்டு. ஈரக்காற்றில் வைத்த பழைய லென்ஸின் உள்ளே பூஞ்சை படர்ந்திருக்கலாம். துளையின் அளவு படக்கோப்பில் தானே பதிவாகாது. முறையான ஆவணப்படுத்தலில் அதைக் கையால் குறித்துவைக்க வேண்டும்.

கருவிகளின் வரலாற்றை எழுதும்போது வெளியான ஆண்டையும் நிறுத்தப்பட்ட ஆண்டையும் குறிப்பது நம் வழக்கம். நிறுத்தப்பட்ட ஆண்டு நிறுவனத்தின் முடிவைச் சொல்கிறது; கருவியின் முடிவை அன்று. அது எவற்றோடு இணைய முடிந்தது, எப்போது அவ்விணைப்பு அறுந்தது, எப்போது மீண்டது என்பனவும் அவ்வரலாற்றில் இடம்பெற வேண்டும்.