தோல்நோய் வாழ்க்கைத்தரச் சுட்டெண்

தோல்நோய் வாழ்க்கைத்தரச் சுட்டெண் (டி.எல்.கியூ.ஐ.) என்பது, ஒரு தோல்நோய் அந்நோய் உடையவரின் அன்றாட வாழ்வை எந்த அளவுக்குப் பாதிக்கின்றது என்பதை அளக்கப் பயன்படும் வினாக்கொத்து ஆகும். இதில் பத்து வினாக்கள் உள்ளன. நோயாளரே இதனை நிரப்புகின்றார். அதற்கு ஏறத்தாழ இரண்டு நிமிடங்கள் போதும். வேல்சில் உள்ள கார்டிஃப் நகரைச் சேர்ந்த தோல் மருத்துவர் ஆன்ட்ரூ ஃபின்லே, ஜி. கே. கான் ஆகிய இருவரும் உருவாக்கிய இச்சுட்டெண் 1994 ஆம் ஆண்டு வெளியிடப்பட்டது. சொரியாசிஸ், கரப்பான் (எக்சிமா) முதலிய நோய்களுக்கான மருந்துச் சோதனைகளில் இது பரவலாகக் கையாளப்படுகின்றது. நூற்றுக்கும் மேற்பட்ட மொழிகளில் இது பெயர்க்கப்பட்டுள்ளது.

பின்னணி

தோல்நோயின் கடுமையை அளக்கும் பழைய முறைகள் மருத்துவரின் கண்ணுக்குத் தெரிவதையே கணக்கிட்டன. 1978 இல் சுவீடனைச் சேர்ந்த ஃபிரெட்ரிக்சன், பெட்டர்சன் ஆகியோர் வெளியிட்ட சொரியாசிஸ் பரப்பு-கடுமைச் சுட்டெண் (பி.ஏ.எஸ்.ஐ.) இதற்கு எடுத்துக்காட்டாகும். தலை, கைகள், உடற்பகுதி, கால்கள் ஆகியவற்றில் நோய் பரவியுள்ள பரப்பையும், அங்குள்ள சிவப்பு, தடிப்பு, செதில் ஆகியவற்றின் அளவையும் கொண்டு, 0 முதல் 72 வரையிலான ஓர் எண்ணை இது தரும்.

ஆயினும் நோயின் பரப்பும் நோயாளர் படும் துன்பமும் எப்போதும் ஒத்துப்போவதில்லை. விரல்களுடன் சேர்ந்த ஓர் உள்ளங்கை, உடலின் மொத்தத் தோற்பரப்பில் ஏறத்தாழ 1 விழுக்காடே ஆகும். இரண்டு உள்ளங்கைகளும் வெடித்துக் குருதி கசியும் நிலையில் உள்ள ஒருவருக்கு, பரப்புக் கணக்கின்படி நோய் மிகச் சிறியது. ஆனால் அவரால் பாத்திரம் துலக்கவோ, கருவிகளைப் பிடித்து வேலை செய்யவோ, பிறரோடு கைகுலுக்கவோ இயலாது போகலாம். முகத்திலும் பிறப்புறுப்புப் பகுதியிலும் தோன்றும் நோய்களுக்கும் இது பொருந்தும். இந்த இடைவெளியை நிரப்பவே நோயாளரிடம் நேரடியாக வினவும் அளவைகள் தோன்றின.

உருவாக்கம்

1987 இல் ஃபின்லே, கெல்லி ஆகியோர் சொரியாசிஸ் நோய்க்கு மட்டுமான இயலாமைச் சுட்டெண் ஒன்றை வெளியிட்டனர். பல்வேறு தோல்நோய்களை ஒப்பிடுவதற்கு அது போதவில்லை. ஆகவே 120 தோல்நோயாளர்களிடம், நோயும் அதற்கான சிகிச்சையும் தம் வாழ்வை எவ்வாறு பாதித்துள்ளன என்று கேட்டறியப்பட்டது. அவர்கள் கூறியவற்றிலிருந்தே வினாக்கள் அமைக்கப்பட்டன. பின்னர் மருத்துவமனைக்குப் புதிதாக வந்த 200 நோயாளர்களிடம் வினாக்கொத்து பயன்படுத்தப்பட்டது.

கரப்பான், சொரியாசிஸ், உடல் முழுவதும் தோன்றும் அரிப்பு ஆகியவை, முகப்பரு, மரு, தோலின் அடிக்கலப் புற்று ஆகியவற்றைவிட வாழ்க்கைத்தரத்தை மிகுதியாகக் குறைக்கின்றன என்பது அவ்வாய்வின் முடிவாகும். புற்று என்னும் பெயர் இல்லாத நோயொன்று, அன்றாட வாழ்வில் அதைவிடப் பெருஞ்சுமையாக இருக்கக்கூடும் என்பதை இது காட்டிற்று.

வினாக்களின் அமைப்பு

வினாக்கள் அனைத்தும் கடந்த ஒரு வாரத்தைப் பற்றியவை. அவை ஆறு பிரிவுகளில் அடங்கும்.

* அறிகுறிகளும் உணர்வுகளும்: அரிப்பு, வலி, எரிச்சல், கூச்சம் (2 வினாக்கள்)
* அன்றாடச் செயல்கள்: கடைக்குச் செல்லுதல், வீட்டு வேலை, உடைத் தெரிவு (2 வினாக்கள்)
* ஓய்வுநேரம்: பிறரோடு பழகுதல், விளையாட்டு (2 வினாக்கள்)
* பணியும் கல்வியும் (1 வினா)
* தனிப்பட்ட உறவுகள்: துணைவர், நண்பர், உறவினர், பாலுறவு (2 வினாக்கள்)
* சிகிச்சையால் ஏற்படும் தொல்லை (1 வினா)

மதிப்பெண் கணக்கிடல்

ஒவ்வொரு வினாவுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண் உண்டு. பாதிப்பு சிறிதும் இல்லையெனில் 0, மிக அதிகமெனில் 3. "எனக்குப் பொருந்தாது" என்னும் விடைக்கும் 0 வழங்கப்படும். எனவே மொத்தம் 0 முதல் 30 வரை அமையும். இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட வினாக்களுக்கு விடையளிக்காவிடில் கணக்கிடுவதில்லை. 2005 இல் வெளியான ஆய்வொன்றின்படி மதிப்பெண்கள் பின்வருமாறு பொருள் கொள்ளப்படுகின்றன.

* 0 - 1: பாதிப்பு இல்லை
* 2 - 5: சிறிய பாதிப்பு
* 6 - 10: நடுத்தரப் பாதிப்பு
* 11 - 20: மிகப் பெரிய பாதிப்பு
* 21 - 30: அளவு கடந்த பாதிப்பு

அழற்சி சார்ந்த தோல்நோய்களில், மதிப்பெண் 4 புள்ளிகளாவது மாறினால்தான் நோயாளருக்குப் பொருட்படுத்தத்தக்க மாற்றம் நேர்ந்துள்ளதாகக் கொள்ளலாம் என 2015 இல் வெளியான ஆய்வு கூறுகின்றது.

பயன்பாடு

உடற்பரப்பில் 10 விழுக்காட்டுக்கு மேல், அல்லது பி.ஏ.எஸ்.ஐ. 10க்கு மேல், அல்லது இச்சுட்டெண் 10க்கு மேல் இருந்தால் அதனைக் கடுமையான சொரியாசிஸ் எனக் கொள்ளலாம் என்று ஃபின்லே 2005 இல் முன்மொழிந்தார். இது "பத்துகளின் விதி" எனப்படுகின்றது.

விலை மிகுந்த உயிரிய மருந்துகளை யாருக்கு வழங்குவது என்பதை முடிவு செய்யவும் இச்சுட்டெண் பயன்படுகின்றது. இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு, எட்டனர்செப்ட் மருந்து குறித்து 2006 இல் வெளியிட்ட வழிகாட்டலில், பி.ஏ.எஸ்.ஐ. 10 அல்லது அதற்கு மேலும், இச்சுட்டெண் 10க்கு மேலும் இருத்தல் வேண்டும் என வரையறுத்தது. அதாவது நோயாளரின் சொந்த மதிப்பீடு, மருத்துவரின் அளவீட்டோடு சமமாக வைக்கப்பட்டது.

குறைகள்

"பொருந்தாது" என்னும் விடைக்கு 0 வழங்குவது முதன்மையான குறையாகக் கருதப்படுகின்றது. தனித்து வாழ்பவர், முதியவர், பணியில் இல்லாதவர், விளையாட்டில் ஈடுபடாதவர் ஆகியோரின் துன்பம் இதனால் குறைத்துக் காட்டப்படலாம். இதனைச் சரிசெய்ய, பொருந்தும் வினாக்களை மட்டும் கொண்டு கணக்கிடும் திருத்திய முறையை அங்கேரிய ஆய்வாளர்கள் 2018 இல் முன்வைத்தனர். எடுத்துக்காட்டாக, மூன்று வினாக்கள் பொருந்தாத ஒருவர் 9 மதிப்பெண் பெற்றால், திருத்திய முறையில் அது 9 × 10 ÷ 7, அதாவது ஏறத்தாழ 13 ஆகின்றது. 10 என்னும் எல்லைக்கோட்டை வைத்து மருந்து வழங்கும் இடத்தில், இவ்வேறுபாடு சிகிச்சை கிடைப்பதையே தீர்மானிக்கக்கூடும்.

மனச்சோர்வு, பதற்றம் போன்றவற்றை இவ்வினாக்கொத்து போதிய அளவு வினவுவதில்லை என்பது மற்றொரு குறையாகும். வினாக்கள் ஒரு வாரத்தை மட்டும் கருதுவதால், பல ஆண்டுகளாகச் சேர்ந்த இழப்புகளும் இதில் பதிவாவதில்லை.

தொடர்புடைய அளவைகள்

* சிறார் தோல்நோய் வாழ்க்கைத்தரச் சுட்டெண் (1995). இதன் படக்கதை வடிவம் 2003 இல் வெளியானது.
* ஸ்கின்டெக்ஸ் (1996). அமெரிக்காவில் மேரி-மார்கரெட் சிரென் உள்ளிட்டோர் உருவாக்கியது. உணர்வுகள் பற்றிய வினாக்கள் இதில் மிகுதி.
* குடும்பத் தோல்நோய் வாழ்க்கைத்தரச் சுட்டெண் (2007). நோயாளரைப் பேணும் குடும்பத்தினர் மீதான பாதிப்பை அளப்பது.